இன்ஜினின் ஞாபகம்

கொல்லிமலையின் எடப்புளி நாட்டில் ஒரு மாணவி கைபேசியில் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் இன்ஜினை இறக்கி வைத்துக்கொண்டால் போதும். மலையில் சிக்னல் எட்டாத மூலையிலும் உலகச் சாம்பியனை வெல்லும் ஆட்டம் அவள் கையில் இருக்கும். 2020-இல் வெளிவந்த ஸ்டாக்ஃபிஷ் 12-இல் நிலைகளை மதிப்பிடும் நரம்பு வலைக் கோப்பின் அளவு ஏறத்தாழ 20 எம்பிதான். ஏழு காய்கள் வரையிலான இறுதி ஆட்டங்களுக்கு விடை வைத்திருக்கும் சிசிஜி அட்டவணைகளோ 17 டெராபைட்டைத் தாண்டும். முதலாவது முழு ஆட்டத்துக்கும் கைகொடுக்கும், ஆனால் தவறலாம். இரண்டாவது ஆட்டத்தின் கடைசிப் பகுதியை மட்டுமே அறியும், அதில் தவறவே தவறாது.

கண்ட நிலைகளை அப்படியே சேமிக்கும் வழி பழையது. ஐபிஎம்-இல் ஆர்தர் சாமுவேல் எழுதிய செக்கர்ஸ் நிரல், நிலைகளையும் மதிப்பெண்களையும் காந்த நாடாவில் சேர்த்து வைத்தது. பயன்படாதவற்றைக் காலப்போக்கில் மறக்கவும் செய்தது. 1959-இல் அவர் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். செஸ் இன்ஜின்களுக்கும் இது தேவைப்பட்டது. ஞாபகமில்லாத இன்ஜினை ஒருமுறை வீழ்த்தியவர் அதே நகர்த்தல்களால் மறுபடியும் மறுபடியும் வீழ்த்தலாம். ராபர்ட் ஹையட்டின் கிராஃப்டி போன்றவை கற்றல் கோப்புகளை வைத்துக்கொண்டதும் அந்த ஓட்டை அடைபட்டது. இது சின்ன ஆதாயமல்ல.

ஆனால் அந்தக் கோப்பிலுள்ள பதிவு ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். நிலையைக் குறிக்கும் ஒரு 64 பிட் எண், சிறந்த நகர்த்தல், தேடிய ஆழம், மதிப்பெண், அவ்வளவுதான். காரணம் எங்கும் இல்லை. ஒரு சிப்பாய் ஒரு கட்டம் தள்ளி நின்றாலே எண் மாறிவிடும், சேமித்தது உதவாது. ஆட்ட முடிவை வைத்துத் தொடக்க நகர்த்தல்களுக்கு மதிப்பெண் போடும் முறை இன்னும் மோசம். நாற்பத்தைந்தாவது நகர்த்தலில் செய்த பிழைக்கு, குற்றமற்ற தொடக்கம் தண்டனை பெறுகிறது. இந்த முறையை நான் ஏற்கவில்லை. ஆழத்தோடு பதியும் முறை பரவாயில்லை. அடுத்த முறை ஆழமாகத் தேடினால் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். பிரெய்ன்லேர்ன் என்ற இன்ஜின் அப்படித்தான் அனுபவக் கோப்பு வைத்திருக்கிறது. அதிலும் பரிசோதிப்பவருக்குச் சங்கடம் உண்டு: நிரல் மேம்பட்டதா, கோப்பு பெருத்ததா என்று பிரித்தறிய முடியாது.

2018-இல் யூ நாசு ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக வடிவமைத்து, பின்னர் ஸ்டாக்ஃபிஷுக்கு வந்த நரம்பு வலை வேறு வகை. கோடிக்கணக்கான நிலைகளில் கற்றது எடைகளாகக் கரைந்திருப்பதால், பார்த்திராத நிலைக்கும் மதிப்புச் சொல்லும். எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய் என்று மட்டும் கேட்க முடியாது. அது தவறவும் கூடும் என்பதால்தான் இறுதி ஆட்ட அட்டவணைகள் இன்றும் வேண்டியிருக்கின்றன.

எனக்குக் கவலை தருவது பயிற்சி முறை. இன்ஜின் காட்டும் இருபது நகர்த்தல்களைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வது, காரணமில்லாத அந்தப் பதிவையே மூளையில் ஏற்றுவது. உலகச் சாம்பியன் பட்டம் வென்ற குகேஷ் சுமார் 2500 ரேட்டிங் எட்டும்வரை இன்ஜின் இல்லாமலே பயிற்சி பெற்றார். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா எடுத்த முடிவு அது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் உலகச் சாம்பியன்ஷிப் போட்டியின் பதினான்காவது ஆட்டம். அப்போதைய சாம்பியன் டிங் லிரென் 55-ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்தார். யானைகள் வெட்டுப்பட்டதும் பலகையில் ஏழே காய்கள். அட்டவணையில் அதற்கு விடை உண்டு; பலகை முன் இருந்த குகேஷ் அதைத் தானே கணக்கிட்டார்.

எடப்புளி மாணவியின் ஆசிரியரிடம் நான் கேட்பது இதுதான்: ஆட்டம் முடிந்து, அவள் தன் காரணங்களைத் தன் கையால் எழுதிய பிறகு ஸ்டாக்ஃபிஷைத் திறக்கட்டும்.