வழிகாட்டித் தாய்மாரும் குடியின் வரலாறும்: ஒரு விமர்சன நோக்கு

கருவுற்ற பெண்ணின் குடியை அவளது ஒழுக்கக்கேடாக மட்டும் கொள்ளும் நோக்கு மருத்துவ உலகில் இன்னும் அற்றுப்போகவில்லை. தென்னாபிரிக்காவின் கேப் ரவுன் நகரிலே 'வழிகாட்டித் தாய்மார்' ஆற்றிவரும் பணி இந்நோக்கைத் தகர்க்கும் ஆற்றலுடையது. ஆயின், அப்பணியை மதிப்பிடும் ஆய்வுகள் பாதிவழியிலேயே நின்றுவிடுகின்றன என்பதே நமது கருத்தாகும்.

2001இல் அந்நகரில் தோன்றிய 'மதர்ஸ் ரு மதர்ஸ்' அமைப்பு, எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் தாய்மாரையே ஊதியத்துடன் பணிக்கமர்த்தியது. 1979இல் தொடங்கிய பிலானி நிறுவனத்தின் தாய்மாரோ வீடு வீடாகச் செல்பவர்கள். அதே வறுமையிடையே தம் பிள்ளைகளை நன்கு வளர்த்தெடுத்தமையே அவர்தம் தகைமை. "குடிப்பதுண்டா?" எனத் தாதி வினவினால், "இல்லை" என்பதே பெரும்பாலும் விடையாகும். தொற்றையும் குடியையும் ஒருசேர மறைக்கவேண்டிய பெண், தன்னையொத்த ஒருத்தியிடமே வாய் திறப்பாள். அவ்வாறு வாய் திறத்தல் சிறு விடயமன்று. குடியினால் மாத்திரை தவறின் இரத்தத்தில் வைரசு பெருகும். சிசுவுக்குத் தொற்றும் அபாயமும் கூடும். மதுவால் கருவின் மூளைக்கு நேரும் சிதைவோ வாழ்நாள் முழுதும் மாறாதது.

பிலானியின் பணி 24 குடியிருப்புப் பகுதிகளில் ஒப்பீட்டு முறையில் ஆராயப்பட்டது. இத்தகைய ஆய்வுகள் தாய் எத்தனை கிண்ணம் அருந்தினாள் என எண்ணுகின்றன. கிண்ணம் அவள் கைக்கு வந்த வரலாற்றை எண்ணுவதில்லை. அதே மாகாணத்துத் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதி மதுவாகவே அளக்கப்பட்டது. 'டொப்' எனப்பட்ட இம்முறை, சட்டம் தடுத்த பின்னரும் 1990கள் வரை சில பண்ணைகளில் நீடித்தது. கருவிலேயே மதுவால் ஊறுபட்ட குழந்தைகளின் விகிதம் உலகில் மிக உயர்ந்து காணப்படும் இடங்களுள் இப்பிரதேசமும் ஒன்றாயிருப்பது தற்செயலன்று. டேர்பனில் 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி மாநகரசபை பியர் விற்பனையைத் தன் ஏகபோகமாக்கி, அவ்வருவாயைக் கொண்டே ஆபிரிக்கரை நிருவகித்தது.

எச்.ஐ.வி. விடயத்தில் தாய்மார் தனித்து விடப்படவில்லை. 'சிகிச்சைச் செயற்பாட்டு இயக்கம்' தொடுத்த வழக்கிலே, தொற்று சிசுவை அடையாது தடுக்கும் நெவிரப்பீன் மருந்தைத் தடையின்றி வழங்குமாறு 2002இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அரசைப் பணித்தது. அங்கே வழிகாட்டித் தாயின் சொல்லுக்குப் பின்னால் ஓர் இயக்கமும் ஓர் உரிமையும் இருந்தன. குடி விடயத்திலோ அவள் வெறும் அறிவுரையுடன் படியேறுகிறாள்.

1959இல் டேர்பனின் கேற்றோ மேனர்ப் பெண்கள் மாநகரசபையின் பியர் மண்டபங்களுக்குள் புகுந்து கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் வேண்டியது தூய மதுவிலக்கன்று. தாம் வீட்டில் வடித்து விற்ற பியரின் வருவாயையும் காக்கவே முனைந்தனர். அறிவுரைக்கு இசையாத இந்தச் சிக்கலான வரலாற்றையும் ஆய்வாளர் தமது வினாக்கொத்தினுள் கொண்டுவருதல் வேண்டும்.