கொலைப்பழி, காதல், மன்னிப்பு: தென்கேரளத்துக் கிறிஸ்தவ நாவல் மரபு

கேரளத்திலும் அதை ஒட்டிய குமரி மண்ணிலும் எழுதப்பட்ட கிறிஸ்தவ நாவல்களில் காதலும் குற்றமும் மனக்காயம் ஆறும் கதையும் தொடக்கத்திலிருந்தே பின்னிக் கிடக்கின்றன. ஒரு கொலை நடக்கிறது, அல்லது நடந்ததாக ஊர் நம்புகிறது. பழி யார் மீதோ விழுகிறது. அந்தப் பழியைத் தாண்டித்தான் இரண்டு மனங்கள் சேர வேண்டியிருக்கிறது. கொன்றவன் யார் என்று தெரிந்தவுடன் துப்பறியும் கதை முடிந்துவிடும். இந்த நாவல்களுக்கு அதற்குப் பிறகுதான் கடினமான வேலை: கொன்றவனோடும் அவன் வீட்டாரோடும் அதே ஊரில், அதே கோயிலில் உட்கார்ந்து எப்படி வாழ்வது என்று சொல்லியாக வேண்டும். இந்த வேலையை எந்த நாவல் எவ்வளவு நேர்மையாகச் செய்கிறது என்பதே இம்மரபை அளக்கத் தகுந்த கோல்.

மரபின் முதல் பள்ளி மிஷன் அச்சகங்களில் உருவானது. ஹன்னா கேத்தரின் மல்லன்ஸ் 1852இல் வங்காள மொழியில் எழுதிய ‘புல்மணி, கருணா’ கதையை ஜோசப் பீட் மலையாளத்தில் பெயர்த்து 1858இல் வெளியிட்டார். நல்ல கிறிஸ்தவப் பெண் ஒருத்தி, பெயருக்கு மட்டும் கிறிஸ்தவளாக இருப்பவள் ஒருத்தி என்று இருவரை எதிரெதிரே நிறுத்திப் பாடம் சொல்லும் கதை அது. கதையாக அதில் பெரிய சிக்கல் இல்லை. இதைவிடப் பல மடங்கு துணிச்சலானது ‘காதகவதம்’. கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியைச் சேர்ந்த ரிச்சர்ட் காலின்ஸின் மனைவி அதை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். அவர் இறந்தபின் கணவர் முடித்துவைத்தார். 1860களில் கல்லூரியின் ‘வித்யாசங்கிரகம்’ இதழில் தொடராக வந்து, 1877இல் மலையாளத்தில் நூலானது.

திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழிக்கும் அரசாணை வந்தது 1855இல். ‘காதகவதம்’ அந்த ஆணைக்கு அடுத்த காலத்துக் கதை. பணக்காரச் சிரியன் கிறிஸ்தவர் கோசி குரியன். அவரிடம் வேலை செய்யும் புலையர் பவுலூஸ். விடுதலை கிடைத்தபின் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு வேண்டும் என்று புலையர்கள் கேட்கிறார்கள். எசமானின் கோபத்தில் விழுந்த அடி ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்கிறது. பிறகு கோசி குரியனை உள்ளுக்குள் வீழ்த்துவது பவுலூஸின் மன்னிப்பு. இடையில் எசமானின் மகள் மரியம் தனக்குப் பார்த்த திருமணத்தை மறுக்கும் கதையும் ஓடுகிறது. குற்றவாளி யார் என்பது முதலிலேயே தெரிந்த கதை இது. கிறிஸ்தவ வீட்டிலேயே குற்றத்தை வைத்தது இதன் பெருமை. ஆனால் குழந்தையைப் பறிகொடுத்தவர் அவ்வளவு விரைவாக மன்னிக்கும்போது வாசகருக்கு மனம் ஒப்புவதில்லை. மிஷன் பள்ளியின் நிரந்தரமான பலவீனம் இது: ஆறுதல் எப்போதும் துயரத்தை முந்திக்கொண்டு வந்துவிடும்.

தண்டனைக்கும் மன்னிப்புக்கும் இடையே காத்திருக்க வேண்டிய காலத்தை முதலில் உணர்ந்து எழுதியவர் கிறிஸ்தவர் அல்லர். கண்ணூர் வழக்கறிஞர் போத்தேரி குஞ்ஞம்புவின் ‘சரஸ்வதீவிஜயம்’ 1892இல் வந்தது. நம்பூதிரியின் காதில் விழும்படி பாடியதற்காக மரத்தன் என்ற புலைய இளைஞன் அடித்துப் போடப்படுகிறான். செத்துவிட்டான் என்று ஊர் நம்புகிறது. பழிக்கு அஞ்சி நம்பூதிரி ஊரைவிட்டு ஓடுகிறார். பல ஆண்டுகள் கழித்து வழக்கு நீதிமன்றம் ஏறும்போது, தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் யேசுதாசன்தான் அன்று செத்ததாகக் கருதப்பட்ட மரத்தன். நம்பூதிரியின் பேத்தி சரஸ்வதியையே அவன் மணக்கிறான். கொலை மர்மம், காதல், உறவு மீளல் என்ற மூன்று இழைகளும் ஒரே முடிச்சில் விழுவதை இந்த நாவலில் தெளிவாகக் காணலாம். மிஷன் கல்வியையே அந்த முடிச்சை அவிழ்க்கும் கையாகக் குஞ்ஞம்பு காட்டுகிறார்.

தமிழில் தொடக்கம் வேறு தடத்தில் நடந்தது. முதல் தமிழ் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை (1879) எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர், ஆனால் அந்த நாவலில் மதமாற்றப் பாடம் எதுவும் இல்லை. ஆணுடை அணிந்து ஆட்சி செய்யும் ஞானாம்பாளும் பொதுவான நீதிகளும்தான் அதில் உள்ளன. மதத்தை நேரடியாகக் கதைப்பொருளாக்கியவர் கிருபாபாய் சத்தியநாதன். சென்னை கிறிஸ்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்த அவருடைய ‘சகுணா’ என்ற ஆங்கில நாவல், அவர் மறைந்த பின் 1895இல் நூலானது. ஏறத்தாழ இதே காலத்தில்தான் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) வந்தது. ஜான் பனியனின் கதையைத் தமிழ்க் காப்பியமாக்கிய இவர் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பணியாற்றியவர். முதுகில் சுமையோடு புறப்படும் யாத்திரிகன் சிலுவையடியில் சுமை கழன்று நிற்கும் கட்டத்தைத்தான் பிற்காலத்துக் கிறிஸ்தவத் தமிழ்க் கதைகள் திரும்பத் திரும்ப எடுத்தாண்டன. பனியனின் யாத்திரிகனுக்குச் சுமை கழன்ற பின்னும் நெடுவழி இருந்தது. அவனைப் பின்பற்றிய கதைகளில் பெரும்பாலானவை அந்த வழியை விட்டுவிட்டன.

இரண்டாவது பள்ளி, வார இதழ்களில் வளர்ந்த காதல் நாவல். முட்டத்து வர்க்கி ‘இணப்ராவுகள்’, ‘பாடாத்த பைங்கிளி’ (1955) போன்ற நாவல்களால் மத்தியத் திருவிதாங்கூரின் சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்களை மலையாள வாசகர்களின் கனவுக்குள் கொண்டுவந்தார். ஏழைப் பெண், வசதியான வீட்டுப் பையன், தடையாய் நிற்கும் உறவினர், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கண்கள் சந்திப்பது என்று எளிய சரக்குகளால் ஆன கதைகள். ‘பாடாத்த பைங்கிளி’யைத் திருவனந்தபுரம் மெரிலேண்ட் ஸ்டுடியோவின் பி. சுப்ரமணியம் 1957இல் படமாக்கினார். விமர்சகர்கள் இவ்வகை எழுத்துக்குப் ‘பைங்கிளி’ என்றே பெயரிட்டு ஒதுக்கினார்கள். அந்த ஒதுக்கல் முழுக்க நியாயமானது அன்று. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பெண்களும் கூலித் தொழிலாளரும் நாவல் என்ற வடிவத்துக்குள் நுழைந்த வாசல் அது. ஆனால் அங்கே குற்றம் இருந்தாலும் குற்றவுணர்வு இல்லை. கெட்டவர் கெட்டவராகவே வெளியேறிவிடுவார்.

இந்த இரண்டு பள்ளிகளின் குறைகளையும் கடந்த நாவல் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஒரு தமிழ் எழுத்தாளரிடமிருந்து வந்தது. ஹெப்சிபா ஜேசுதாசன் 1925இல் பர்மாவில் பிறந்து, குமரி மாவட்டத்தில் வளர்ந்து, திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். கணவர் பேராசிரியர் சி. ஜேசுதாசன் அதே நகரில் தமிழ் கற்பித்தார். இருவரும் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதிய தமிழ் இலக்கிய வரலாறு 1961இல் வெளியானது. மூன்று ஆண்டுகள் கழித்து 1964இல் வந்தது ‘புத்தம் வீடு’.

பனைவிளை என்ற சிற்றூர். ஒரு காலத்தில் வாழ்ந்து இப்போது இடிந்துகொண்டிருக்கும் வீடு. அங்கே முதியவர் கண்ணப்பச்சி, குடியிலும் சண்டையிலும் சொத்தைக் கரைக்கும் பிள்ளைகள், பேத்தி லிஸி. நிலம் வைத்திருப்பவரும் பனை ஏறுபவரும் ஒரே சாதி, ஒரே சபை. ஆனாலும் பனையேறிக்குப் பெண் கொடுப்பது வீட்டுக்கு இழுக்கு. லிஸிக்கும் பனையேறியின் மகன் தங்கராஜுக்கும் இடையில் வளரும் அன்பு அந்தக் கோட்டில்தான் மோதுகிறது. வீட்டில் ஒரு கொலை விழ, பழி தங்கராஜின் மீது போகிறது. மர்மத்தைத் தூக்கிப் பிடித்து வாசகரைத் திகைக்க வைக்கும் ஆசை எழுத்தாளருக்குச் சிறிதும் இல்லை. பழி விழுந்த பிறகு ஒரு பெண் கண்ணீரை அடக்கிக்கொண்டு அடுப்படியில் எப்படி நடமாடுகிறாள் என்பதிலேயே அவர் பார்வை நிற்கிறது.

அந்த உலகம் முழுதும் கைக்கெட்டும் தூரத்தில் காட்டப்படுகிறது. பாளை சீவும் அருவாளும், விடிலியில் கொதிக்கும் அக்கானியும், கருப்பட்டி விற்ற காசும், குமரி வட்டாரப் பேச்சின் இழுப்பும் கதையை அந்த மண்ணோடு இறுக்கிக் கட்டுகின்றன. பக்தி தனி அத்தியாயமாக வந்து பேசுவதில்லை. கிழவர் வேதம் படிப்பதும் ஞாயிறு கோயிலுக்குப் போவதும் பசியும் பகையும் கலந்த அதே நாளின் பகுதிகள். கடவுள் நம்பிக்கை உள்ளவர்களே ஒருவரையொருவர் வதைக்கவும் செய்கிறார்கள் என்பதை எழுத்தாளர் மறைக்கவில்லை, குத்திக் காட்டவும் இல்லை. கடைசியில் வரும் மீட்சி சிறியது: ஒரு திருமணம், ஒரு வீட்டின் வீம்பு இறங்குவது. அந்தச் சிறுமையாலேயே அது நம்பும்படி இருக்கிறது. தென்கேரளத்துக் கிறிஸ்தவ நாவல்களில் இதற்கு இணையான ஒன்றைச் சொல்வது கடினம்.

அவரது அடுத்த நாவல்கள் ‘டாக்டர் செல்லப்பா’ (1967), ‘அனாதை’ (1977), ‘மா-னீ’ (1982). மூன்றும் தலைப்பிலேயே சொல்வதுபோல் ஒரு மனிதரைப் பிடித்துக்கொண்டு செல்பவை. கடைசியானது பர்மாவைக் களமாகக் கொண்டது. ‘புத்தம் வீட்டின்’ செறிவு இவற்றில் இல்லையென்றாலும், காயம்பட்ட ஓர் உயிர் தன் இடத்தைத் தேடும் கதையை அவர் விடவே இல்லை. 2002இல் அவருக்கு ‘விளக்கு’ விருது கிடைத்தது, 2012இல் மறைந்தார்.

கடலோரக் கத்தோலிக்கரின் கதையை ஜோ டி குரூஸ் ‘ஆழி சூழ் உலகு’ (2004) நாவலில் எழுதினார். நடுக்கடலில் தத்தளிக்கும் மூவரின் நினைவுகளாகப் பல தலைமுறைப் பகையும் காமமும் கொலையும் விரிகின்றன. மலையாளத்தில் அடுத்த ஆண்டு சாரா ஜோசப்பின் ‘ஒதப்பு’ வந்தது. கன்னிமடத்தைவிட்டு வெளியே வரும் மார்கலீத்தா, பாதிரியார் கரிக்கன் ஆகியோரின் காதலைப் பேசும் இந்த நாவல் ஆறுதலைத் திருச்சபைக்கு வெளியே தேடுகிறது. சபை அங்கே குணப்படுத்தும் இடமாக இல்லை, காயப்படுத்தும் இடமாக இருக்கிறது. நம்பிக்கையை விட்டுவிடாமலே நிறுவனத்தோடு வழக்காடும் இந்தத் துணிவு மரபுக்குப் புதிது, தேவையானதும்கூட.

இதற்கிடையே அமெரிக்கக் கிறிஸ்தவக் காதல் நாவல் ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்துவிட்டது. ஜேனட் ஓக்கின் ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ (1979) வழிகாட்டியது. ஓசியா தீர்க்கதரிசியின் கதையைக் கலிபோர்னியத் தங்க வேட்டைக் காலத்துக்கு மாற்றி பிரான்சின் ரிவர்ஸ் எழுதிய ‘ரிடீமிங் லவ்’ (1991) உலகமெங்கும் பரவியது. டீ ஹெண்டர்சன், டெர்ரி பிளாக்ஸ்டாக் போன்றோர் கொலை விசாரணையையும் காதலையும் விசுவாசப் போராட்டத்தையும் ஒரே நூலில் சேர்த்தார்கள். இவற்றுக்கென்று பதிப்பாளர் வகுத்த எல்லைகள் உண்டு: படுக்கையறைக் காட்சி கூடாது, வசைச்சொல் கூடாது, நாயகனோ நாயகியோ இறைநம்பிக்கையில் ஒரு படியாவது நகர வேண்டும், முடிவு நம்பிக்கை தர வேண்டும். இத்தகைய நூல்களுக்கென 1999இல் ‘கிறிஸ்டி’ விருதும் ஏற்பட்டது. கேத்தரின் மார்ஷலின் 1967ஆம் ஆண்டு நாவலின் பெயர் அது.

இந்த எல்லைகள் தம்மளவில் தீயவை அல்ல. ‘புத்தம் வீட்டிலும்’ வசையும் படுக்கையறையும் கதையின் மையமாக இல்லை. வேறுபாடு வேறொரு இடத்தில். விற்பனைக்காக எழுதப்படும் கதைகள் பலவற்றில் காயம் என்பது நாயகியின் கடந்தகாலத்தில் நேர்ந்த ஒன்று. காதலனும் பிரார்த்தனையும் அதைத் தீர்த்துவிடுவார்கள். இந்த மரபின் நாவல்களிலோ காயம் நிலத்திலும் சாதியிலும் வீட்டுத் திண்ணையிலும் இருக்கிறது. ஒருத்தி குணமாக வேண்டுமானால் பக்கத்து வீட்டுக்காரரும் மாற வேண்டும். பவுலூஸ் கேட்ட ஞாயிறு ஓய்வும், மரத்தன் ஏறிய நீதிமன்ற நாற்காலியும், லிஸிக்கு மறுக்கப்பட்ட தங்கராஜும் அந்த மாற்றத்தைத்தான் கோரின.

இன்று தமிழ்ச் சபை மாத இதழ்களில் வரும் தொடர்கதைகள் பெரும்பாலும் மிஷன் பள்ளியின் வழியிலேயே நடக்கின்றன: குடிகாரக் கணவன், ஜெபிக்கும் மனைவி, கடைசி அத்தியாயத்தில் மனமாற்றம். குடியை நிறுத்திய மறுநாள் அந்தக் கணவன் கடன்காரனிடமும் அடிபட்ட பிள்ளையிடமும் எப்படிப் போய் நிற்கிறான் என்பதை எழுத ஓர் அத்தியாயம் கூடுதலாக ஒதுக்கினால் போதும், அத்தகைய கதையும் ‘புத்தம் வீட்டின்’ வரிசைக்கு வந்துவிட இயலும்.