வக்கீல் மாறினால் தொகை மாறுமா?

"கெட்டிக்கார வக்கீல் கிடைத்தால் விபத்து வழக்கில் லட்சங்களை அள்ளலாம்" என்ற பேச்சு பாதிதான் உண்மை. கணக்கின் பெரும்பகுதியை உச்ச நீதிமன்றமே வகுத்துவிட்டது. இழந்த ஆண்டு வருமானத்தை எந்த வயதுக்கு எந்த எண்ணால் (பெருக்கெண்) பெருக்குவது என்பதை 2009-ல் சரளா வர்மா வழக்கு நிர்ணயித்தது. எதிர்கால வருமான உயர்வு முதல் ஈமச்சடங்குச் செலவு வரை 2017-ல் பிரணய் சேத்தி வழக்கு வரையறுத்தது. அங்கே நாவன்மைக்கு வேலையில்லை.

வேலை இருப்பது ஆதாரத்தில். மாதம் 15,000 ரூபாய் ஈட்டிய 32 வயது லாரி டிரைவர் இடது கையை இழக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானத்தோடு 40 சதவீத எதிர்கால உயர்வைச் சேர்த்து, 16 என்ற பெருக்கெண்ணால் பெருக்கினால் முழு வருமான இழப்பு 40,32,000 ரூபாய். டாக்டர் சான்றிதழில் ஊனம் 60 சதவீதம். அதை மட்டும் நீட்டினால் 24,19,200 ரூபாயோடு வழக்கு முடியக்கூடும். உடலின் ஊனம் வேறு, அதனால் பறிபோன பிழைப்பு வேறு என்று 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கையிழந்த குமாஸ்தா வேலையில் நீடிக்கலாம். டிரைவருக்கு இழப்பு ஏறக்குறைய முழுமையானது. டாக்டரைக் கூண்டில் ஏற்றி, லைசென்ஸையும் சம்பளச் சான்றையும் தாக்கல் செய்து இதை நிலைநாட்டும் வக்கீலால் வரும் வித்தியாசம் 16 லட்சத்துக்கும் மேல்.

ஆனால், நியாயமான இழப்பீட்டைத் தீர்மானிக்கும் கடமையை மோட்டார் வாகனச் சட்டத்தின் 168-வது பிரிவு, வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் மீதுதான் சுமத்துகிறது. கேட்டதைவிடக் கூடுதலாகவும் வழங்கலாம் என்று 2002-லேயே நாகப்பா வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. எனவே ஒரே காயத்துக்கு வக்கீலைப் பொறுத்துத் தொகை மாறினால், அதில் தீர்ப்பாயத்தின் அசட்டையும் இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. ஆஸ்பத்திரி வாசலிலேயே வக்காலத்தில் கையெழுத்து வாங்குகிறவர், வரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேரம் பேசுவார். பார் கவுன்சில் விதி அதைத் தடை செய்கிறது. அவசரத்துக்கு மக்கள் நீதிமன்றத்தில் குறைந்த தொகைக்குச் சமரசம் செய்துவிட்டால் மேல்முறையீடும் கிடையாது.

ஆக, நல்ல வக்கீல் புதிதாகப் பணம் வரவழைப்பதில்லை. சட்டம் ஏற்கெனவே தரும் தொகையைச் சிந்தாமல் வாங்கித் தருகிறார். வக்காலத்தில் கையெழுத்திடும் முன் அவரிடம் ஒன்று கேளுங்கள்: ஊனத்தை மதிப்பிட்ட டாக்டரைச் சாட்சியாக விசாரிப்பீர்களா?