காந்தாரியின் கருவும் ஆய்வுகூடத்து முளையமும்

புதிய கலையொன்று மேலைநாட்டிற் பிறந்தவுடன், அது தம் பழைய நூல்களில் முன்னரே உள்ளது எனக் கூறி மகிழ்வது கீழைநாட்டார் சிலர்க்கு இயல்பாய்விட்டது. 2019ஆம் ஆண்டு சனவரித் திங்களிற் பஞ்சாப் மாநிலத்து ஜலந்தரில் இந்திய அறிவியல் மாநாடு கூடியது. ஆங்கே, ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் அந்நாள் துணைவேந்தர் ஜி. நாகேஸ்வரராவ், கௌரவர் நூற்றுவரும் தண்டுக் கல முறையாலும் சோதனைக்குழாய் முறையாலும் பிறந்தோர் என மாணவர் முன்னிலையில் உரைத்தார். அறிவியலறிஞர் பலர் அதனை மறுத்தனர். அவர்தம் மறுப்பு அறிவியல் பற்றியது. காப்பியம் கற்போர் கூறவேண்டிய மறுப்பு வேறொன்று உண்டு. அதுவே ஈண்டு ஆராயப்படுகின்றது.

தண்டுக் கலம் என்பது உடலின் பல்வேறு உறுப்புகளுக்குரிய கலங்களாக மாறவல்ல முதற்கலம். தமிழகத்தார் இதனைக் குருத்தணு என்பர். கருக்கட்டிய ஐந்தாறு நாளில் முளையமானது நூறு, இருநூறு கலங்கள் கொண்ட நுண்ணிய கோளமாய் இருக்கும். அதன் உட்புறத்துக் கலங்களைப் பிரித்து வளர்ப்பின், அவை நரம்பாகவும் இதயத் தசையாகவும் இன்சுலின் சுரக்கும் கலமாகவும் மாறக்கூடும். 1998இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் தொம்சன் மனித முளையத்திலிருந்து இவற்றை முதன்முதற் பிரித்து வளர்த்தார். அங்ஙனம் பிரிக்குங்கால் முளையம் அழிந்துபடுகின்றது. நோயாளர் பெறத்தகும் நலனும் முளையத்தின் அழிவும் ஒரே செயலில் அடங்கியமையே இவ்வழக்கின் வேர் எனலாம்.

இனிப் பாரதக் கதை நோக்கத்தக்கது. ஈராண்டு கருச்சுமந்த காந்தாரி, குந்திக்கு மகன் பிறந்தான் எனக் கேட்டுப் பொறாது தன் வயிற்றை மோதிக்கொள்ள, இரும்பனைய தசைப்பிண்டம் ஒன்று வெளிப்பட்டது. அதனை அவள் எறிந்துவிட எண்ணியபோது வியாதர் தடுத்து, குளிர்நீர் தெளித்து, நூற்றொரு கூறாக்கி, நெய்க்குடங்களில் இட்டுக் காக்கச் செய்தார். நூறு மைந்தரும் துச்சளை என்னும் மகளும் தோன்றினர்.

இதற்கும் ஆய்வுகூடத்துச் செயலுக்கும் ஒப்புமை காண்பது பொருந்தாது. கதையிற் பிளக்கப்பட்டது ஈராண்டு முதிர்ந்த பிண்டம். ஆய்வுகூடத்தில் எடுக்கப்படுவது ஐந்தாறு நாள் முளையத்தின் கலம். கதையில் ஒவ்வொரு கூறும் முழு மனிதனாயிற்று. ஆய்வாளர் நாடுவதோ குழந்தையன்று, உறுப்பின் கலங்களே. நெய்யும் குடமும் முனிவரின் ஆற்றலும் அன்றி வேறு முறை எதுவும் அங்குக் கூறப்படவில்லை. முறை இல்லாத இடத்தில் அறிவியல் இல்லை என்பது தேற்றம்.

நிற்க. பெருமை பேசுவோர் இக்கதையிற் கூறாதனவற்றைக் கூட்டினர். அதனினும் பெரிய பிழை, அது கூறுவனவற்றை விட்டமையாகும். துரியோதனன் பிறந்தபொழுது தீநிமித்தங்கள் தோன்றின. குலம் காக்கும்பொருட்டு அவனை நீக்குக என விதுரர் இடித்துரைத்தார். புதல்வன்பால் வைத்த பற்றினால் திருதராட்டிரன் இணங்கினானல்லன். பின்னர்க் குருச்சேத்திரத்தில் நூறு பிணங்களின் நடுவே நின்று அரற்றியவள் அத்தாயே. ஆக்கும் ஆற்றல் உண்டோ என்பதன்று காப்பியத்தின் வினா. யாருடைய விருப்பிற்காக ஆக்கினர், விளைவைச் சுமந்தவர் யார், நிறுத்துக என்ற குரலைக் கேட்டவர் உளரோ என்பனவே அதன் வினாக்கள். இம்மூன்றையும் கழித்துவிட்டு நெய்க்குடத்தை மட்டும் கையிலேந்துவோர், காப்பியத்தைப் போற்றினவர் ஆகார்.

இக்காலத்து வழக்கும் அவ்வினாக்களையே சுற்றி நிற்கின்றது. பிரித்தானியாவில் 1984இல் வார்னொக் அம்மையார் தலைமையிலான குழு, முளையத்தைப் பதினான்கு நாளுக்கு மேல் ஆய்வுகூடத்தில் வளர்த்தல் ஆகாது என எல்லை வகுத்தது. 1990இல் அது சட்டமாயிற்று. முதுகெலும்பின் திசையைக் காட்டும் முதற்கோடு ஏறத்தாழ அந்நாளிலேயே தோன்றும்; அதன்முன் ஒரு முளையம் இரட்டையாய்ப் பிரியவும் கூடும். அமெரிக்காவில் 2001 ஆகத்து 9ஆம் நாள் சனாதிபதி புஷ், அதுவரை உருவாக்கப்பட்ட கலத்தொடர்களுக்கு மட்டுமே அரசின் பணம் வழங்கப்படும் என்றார். ஒபாமா 2009இல் அத்தடையை நீக்கினார். புஷ் அரசு ஏற்ற பட்டியலில் மும்பையிலும் பெங்களூரிலும் உள்ள இரு நிறுவனங்களின் கலத்தொடர்களும் இடம்பெற்றமையால், இவ்வழக்கு மேலைநாட்டார்க்கே உரியது என்று தள்ளுதல் இயலாது.

நீக்குக என்ற குரலும் இந்தியாவில் எழாமலில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007இல் வெளியிட்ட நெறிமுறையின் தலைப்பில் ஆராய்ச்சியோடு சிகிச்சை என்னும் சொல்லும் இருந்தது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்சொல் நீக்கப்பட்டது. இரத்த நோய்கள் சிலவற்றுக்குச் செய்யும் என்பு மச்சை மாற்றம் போன்றன நீங்கலாக, ஏனையவற்றை ஆய்வுக்குப் புறம்பே சிகிச்சை என விற்றல் நெறியன்று என்பதே அதன் கருத்து. நம்பிக்கையை விலைகூறும் இடங்கள் இருந்தமையாலேயே அச்சொல்லை எடுக்க நேர்ந்தது.

இலங்கையின் நிலை யாது? புத்தளத்தை அடுத்த தில்லையடியும் அதனைச் சூழ்ந்த கரையோரமும் இதனை எண்ணுதற்கு ஏற்ற இடங்களாம். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பலர் தில்லையடியிற் குடியமர்ந்தனர். தெற்கே முன்னேச்சரம், கற்பிட்டிப் பக்கம் தலவில் அன்னம்மாள் ஆலயம், இடையிடையே பள்ளிவாசலும் விகாரையும். கருக்கொண்ட கணமே மனித உயிர் மதிக்கத்தக்கது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் கோட்பாடு. நூற்றிருபதாம் நாளில் உயிர் ஊதப்படுகின்றது என்பர் இஸ்லாமிய அறிஞர் பலர். நாற்பதாம் நாள் என்பாரும் உளர். கருவிலேயே விஞ்ஞாணம் புகும் என்பது பௌத்தர் பெரும்பாலார் கொள்கை. இந்துக்களுக்கோ ஒரே தீர்ப்பு வழங்கும் பீடம் இல்லை. சரகர் நூல் சேர்க்கையின்போதே உயிர் இறங்கும் என்கிறது. சுசுருதர் நூல் நான்காம் திங்களில் இதயத்தோடு உணர்வு வெளிப்படும் என்கிறது. ஆகவே, இந்து சமயத்துக்கு இதில் யாதொரு தடையும் இல்லை என எளிதிற் கூறுவோரும், முற்றிலும் விலக்கு என ஆணையிடுவோரும் தம் நூல்களை முழுதும் நோக்கினவர் அல்லர்.

2005 மார்ச் 8ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மனிதக் குளோனிங் பற்றிய பிரகடனத்தை 84 வாக்குகளால் ஏற்றது. நோய் தீர்க்கும் கலங்களுக்காக முளையம் ஆக்குதலும் அவ்விவாதத்தில் அடங்கியிருந்தது. இந்தியா உள்ளிட்ட 34 நாடுகள் எதிர்த்தன. இலங்கை உள்ளிட்ட 37 நாடுகள் வாக்களியாது விலகின. பல சமய நாடொன்று விலகி நின்றமைக்குக் காரணம் இருக்கலாம். ஆயின் விலகுதலே கொள்கையாகாது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு கருவுற்ற பெண்ணையே கருதியது; கண்ணாடித் தட்டிலுள்ள முளையத்தை அது கனவினும் கண்டதில்லை.

எதிர்த்தரப்பாரின் நியாயமும் கருதற்குரியது. குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் எஞ்சும் முளையங்கள் எவ்வாறாயினும் கழிக்கப்படுவனவே. பெற்றோர் மனமொப்பி அளிப்பின் அவை நோயாளர்க்குப் பயன்படட்டும் என்பது அவர் வாதம். நீரிழிவும் விழியிருளும் சமயம் பார்த்து வருவன அல்ல என்பதை அக்கரையோரத்தார் அறிவர். ஜப்பானிய அறிஞர் யமனாக்கா 2006இல் எலியின் உடற்கலத்தையும், மறு ஆண்டு மனிதனின் உடற்கலத்தையும் தண்டுக் கல நிலைக்கு மீட்டமையால் முளையத்தை அழிக்காத வழியொன்று திறந்தது. 2012இல் அவர் நோபல் பரிசு பெற்றார். எனினும் வழக்கு முடிந்திலது. 2021இல் அனைத்துலகத் தண்டுக் கல ஆய்வுச் சங்கம் பதினான்கு நாள் எல்லை கடந்த வளர்ப்பை விலக்கப்பட்டவற்றின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

எல்லை நகரும் இக்காலத்தில் வேண்டப்படுவது, முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர் என்னும் பெருமிதமன்று. அப்பெருமிதம் மாணவனை ஆய்வுகூடத்துக்கும் செலுத்தாது, அறநூலுக்கும் திருப்பாது. பாரதம் கற்பிக்கும் ஆசிரியர் காந்தாரியின் கதைக்கு வருங்கால், நெய்க்குடத்தோடு நின்றுவிடாது விதுரரின் சொல்லையும் போர்க்களத்துப் புலம்பலையும் ஒருங்கே கற்பித்தல் வேண்டும். அங்ஙனம் கற்ற மாணவரே, நாளை இந்நாட்டில் இதற்கொரு சட்டம் வகுக்க நேருங்கால், முளையத்தை ஈந்த பெண்ணின் சம்மதம் யாது, நோயாளிக்குக் கூறிய வாக்கு மெய்யோ என்று கேட்கும் தகுதியுடையோர் ஆவர்.