'கம்பெரலிய': கிராமத்திற்கு அப்பாலுள்ள மூலதனம்

மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' நாவல் 1944இல் வெளிவந்தது. எம். எம். உவைஸ் அதனைக் 'கிராமப் பிறழ்வு' எனத் தமிழாக்கினார். றெஜி சிறிவர்தனவின் திரைக்கதையைக் கொண்டு லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் நெறியாண்ட திரைப்படம் 1963இல் திரைக்கு வந்தது. 1965 சனவரியில் புதுதில்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் தங்க மயில் விருதினைப் பெற்றது. இப்படத்தின் கலைத்தரம் நிறுவப்பட்டதொன்று. அது காட்டும் சமூக மாற்றம் எங்கிருந்து வருகின்றது என்பதே இங்கு நம் வினா.

தென்னிலங்கைக் கிராமமொன்றின் 'மகாகெதர' என்னும் பெரியவீட்டின் தளர்ச்சியே கதைப்பொருள். அவ்வீட்டு மகள் நந்தாவைப் பெண் கேட்கும் ஆங்கில ஆசிரியன் பியல், குலப்பெருமை காரணமாக மறுக்கப்படுகின்றான். குலம் உண்டு, பொருள் இல்லை என்ற நிலையிலுள்ள ஜினதாஸ அவளை மணக்கின்றான். வணிகத்தில் தோற்று, ஊர் திரும்பாமலே இறக்கின்றான். கொழும்பில் செல்வம் சேர்த்த பியல் பின்னர் நந்தாவின் கணவனாகின்றான். பணத்தின் முன் குலம் தோற்பதைப் படம் பிரசங்கமாகக் கூறவில்லை. வீட்டின் சிதைவும் மாந்தரின் மௌனங்களுமே அதனை உணர்த்துகின்றன. நிலமானிய உறவுகளின் வீழ்ச்சி இத்துணை நுட்பமாகப் பதிவாகிய ஈழத்துத் திரைப்படங்கள் மிகச் சிலவே.

ஆயின், பியலின் செல்வம் எவ்வாறு திரண்டது? வறியவனாகக் கொழும்பு சென்றவன் செல்வனாக மீள்கின்றான். இடைப்பட்டது திரைக்கு வெளியே நிகழ்கின்றது. வரலாறு இவ்விடத்தில் மௌனமாக இல்லை. கரையோரச் சிங்கள வணிக வர்க்கத்தின் தொடக்க மூலதனத்தில் பெரும்பங்கு சாராயக் குத்தகையிலிருந்து வந்தது. காரீயமும் தென்னந்தோட்டங்களும் அதனைப் பெருக்கின. அச்சாராயத்தை வாங்கியோரில் மலையகத் தோட்டத் தொழிலாளரும் இருந்தனர். அவர்தம் கூலியின் ஒரு பகுதி தவறணை வழியே கரையோரத்தைச் சென்றடைந்தது. எனவே கிராமப் பிறழ்வின் வேர்களுள் ஒன்று லயக்காம்பராவிலும் இருந்தது.

தென்னிலங்கைக் கதையில் தேயிலைத் தோட்டத்தைத் தேடுவது பொருந்துமா என வினவலாம். தோட்டக் காட்சியொன்று இல்லையென்பது நம் குறையன்று. மறைந்துள்ள சமூக உறவுகளை முழுமையில் வைத்துப் புலப்படுத்துவதே யதார்த்தவாதம் என்றார் லூக்காச். கமரா மகாகெதரவின் உள்ளேயே நிற்பதால், மூலதனம் தனியொருவனின் முயற்சியாகவும், வர்க்க முரண்பாடு திருமணத்தால் தீர்வதாகவும் தோற்றமளிக்கின்றன. விக்கிரமசிங்கவின் முந்நாவல் தொகுதியில் இறுதியானதைத் தழுவி பீரிஸ் 1983இல் அளித்த 'யுகாந்தய'வில்தான் முதலாளியும் தொழிலாளியும் நேருக்கு நேர் நிற்கின்றனர்.

தில்லியில் அவ்விருது வழங்கப்படுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 1964 ஒக்டோபர் 30இல், அதே நகரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. அதன்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியோராயினர். எஞ்சிய 1,50,000 பேரின் விதி 1974 வரை பிற்போடப்பட்டது. இவ்வுடனிகழ்வுக்குப் படம் பொறுப்பன்று. ஆயினும், ஒரு வீட்டின் தளர்ச்சி கலையாக உலகின் முன் வைக்கப்பட்ட அதே வேளையில், ஒரு தொழிலாள மக்கட் கூட்டத்தின் பெயர்வு வெறும் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

கொட்டகலையிலிருந்து இப்படத்தைப் பார்ப்பவர் அதனை நிராகரிக்க வேண்டியதில்லை. சிங்களக் கிராமத்து விவசாயியையும் மலையகத் தொழிலாளியையும் ஒரே பொருளாதாரம் பிணைத்திருந்தது. இனவாதம் அப்பிணைப்பை மறைத்தது. அதனை வெளிக்கொணரும் வாசிப்பே இவ்விரு மக்களையும் ஒருவரையொருவர் அறியச் செய்யும்.