மங்கம்மாளும் ராமசாமியும் வளர்ந்த பிறகு

கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையை, ஏழ்மையிலும் வற்றாத தாய்மையின் கதையாகவே வாசித்து வந்திருக்கிறோம். அது சரிதான். ஆனா அதுக்குள்ள பிள்ளைகளின் சிநேகம் பற்றிய கதையும் ஒண்ணு இருக்கு.

பணக்கார வீட்டு ராமசாமி தன் சில்க் சட்டையைச் சொல்லிப் பெருமை பேசுகிறான். ஏழை வீட்டு மங்கம்மாளும் அவள் அண்ணன் தம்பிகளும் விட்டுக்கொடுக்காமல் பதிலுக்குப் பதில் பேசுகிறார்கள். தீபாவளியன்று தன் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதாக அவன் சொல்ல, எங்கள் வீட்டுக்கும்தான் என்கிறாள் மங்கம்மாள். அவன் சொல்வது அக்காவின் கணவரை. அவள் சொல்வது அவள் அம்மா அரவணைத்த அநாதைச் சிறுவனை.

இந்தப் போட்டியைத்தான் நான் சிநேகம் என்கிறேன். ரெண்டு பேரும் சமம் என்று நம்பினால்தான் இப்படி வாய்க்கு வாய் பேச முடியும். பத்து வருஷம் கழித்து மங்கம்மாள் அவனிடம் அப்படிப் பேசுவாளா? ஒதுங்கி நிற்பாள். அவனும் ‘சௌக்கியமா’ என்று கேட்டுவிட்டுப் போவான். சண்டை எதுவும் நடந்திருக்காது. எதிர்ப்பேச்சு நின்றுபோயிருக்கும், அவ்வளவுதான்.

கதைக்கு வெளியேயும் இதுதான் நடக்கிறது. சாரல் சீசனில் தென்காசியில் கூடி, குற்றாலத்துக்குக் குளிக்கப் போகும் பழைய பள்ளிக்கூடக் கூட்டாளிகளைக் கவனியுங்கள். வாத்தியார்களின் பட்டப்பெயர்கள் தீர்ந்ததும் பேச்சும் தீர்ந்துவிடும். ஒருத்தரை ஒருத்தர் மறுத்துப் பேசுவதில்லை. ‘ஏலே’ போய் ‘சார்’ வந்திருக்கும்.

அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் 1923இல் இடைசெவலில் பிறந்தவர்கள். ஒருவர் சென்னை, மலேயா என்று போனார். மற்றவர் விவசாயியாக ஊரிலேயே இருந்தார். ஆனாலும் 1970இல் அழகிரிசாமி இறக்கும்வரை அந்த நட்பு நீடித்தது. ஊர் ஞாபகம் மட்டும் அதைக் காப்பாற்றியிருக்காது. கர்நாடக சங்கீதம், கம்பன், குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி.யின் வீடு என்று, சேர்ந்து ரசிக்கவும் வாதாடவும் புதுசு புதுசாக விஷயங்களைத் தேடிக்கொண்டார்கள். கி.ரா.வுக்கு அழகிரிசாமி எழுதிய கடிதங்கள் தனி நூலாகவே வந்திருக்கின்றன.

இதைப் ‘பால்ய சிநேகம்’ என்று மட்டும் புகழ்கிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். சிறுவயதில் கிடைத்தது தொடக்கம். மிச்சத்தை நாற்பது வயதிலும் சம்பாதிக்க வேண்டியிருந்தது. இருவரும் ஆண்கள், எழுதத் தெரிந்தவர்கள் என்பதால் அது முடிந்தது. மங்கம்மாளுக்கு யார் கடிதம் எழுதியிருப்பார்கள்?