மண்ணுக்கு ஏது மரபுரிமை?

திருவாலங்காடு என்றதும் பக்தர் கூத்தனின் நடனத்தைக் கூறுவர். வரலாறு கற்றோர் இராசேந்திர சோழனின் செப்பேட்டைக் கூறுவர். மன்னன் தன் குலப்பெருமையைச் செம்பிலே பொறித்தான். மக்கள் தம் பெயரைப் பானையிலே கீறினர். 2014இல் தொடங்கிய கீழடி அகழாய்விலே, 'ஆதன்' என்னும் பெயர் தாங்கிய பானை ஓடுகள் கிடைத்தன. செம்பு அரசனைப் பேசிற்று. மண் மக்களைப் பேசிற்று!

அந்த மண்ணை வனைந்தவனைச் சங்க காலம் 'வேட்கோ' என்றது. பிற்காலமோ அவனைக் குலத்தொழில் என்னும் கூண்டிலே அடைத்தது. 'கை திறமுடையது, ஆனால் அத்திறம் பிறப்பால் வந்தது' என்று பேசிப் பேசியே, அவன் உழைப்பையும் அறிவையும் மறைத்தனர்.

அந்தப் பேச்சுக்கு மறுப்பு வேண்டுமா? புதுச்சேரிக்குச் செல்லுங்கள். 1971இல் அங்கே டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்னும் அமெரிக்கர் இருவர் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி' என்னும் மட்கலக் கூடத்தைத் தோற்றுவித்தனர். குயவர் குலமா அவர்கள்? இல்லை. கல்லூரியிலே கற்றனர், ஸ்மித் ஜப்பானியக் கைவினைஞரிடமும் பயின்றார். கற்றதைப் பலருக்கும் கற்பித்தனர். இன்றைய இந்திய மட்கலைஞர் பலர் அந்தக் கூடத்திலே பயின்றவர்களே. திறம் குருதியில் ஓடுவதன்று, பயிற்சியில் வருவது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவர்கள் படைத்த கலங்கள், பீங்கானைப் போல் உயர்ந்த வெப்பத்திலே வெந்து கல்லென இறுகுபவை. வடிவிலே பகட்டில்லை, கைக்கு அடங்கும் கிண்ணம், ஊற்றினால் சிந்தாத மூக்கு, ஸ்மித்தின் தூரிகை தீட்டிய எளிய கோடுகள். பயனை மறவாத அழகு அது.

'சூளைத் தெய்வம் தந்த நிறம்' என்று மெய்சிலிர்ப்போர் உளர். தெய்வத்தை ஏன் தொல்லைப்படுத்துகிறீர்கள்? விறகின் சாம்பல் கலத்தின் மேல் படிந்து, ஏறத்தாழ 1300 பாகை வெப்பத்திலே உருகிக் கண்ணாடிப் பூச்சாகிறது. பூச்சிலுள்ள சிறிதளவு இரும்பு, காற்று மிகுந்த நெருப்பிலே மஞ்சளும் பழுப்பும் தரும். காற்றுக் குறைந்த நெருப்பிலே பசுமை தரும். வரமன்று, வேதியியல்! அறிந்து ஆளும் மனிதனே அங்கே படைப்போன்.

மீக்கரின் முயற்சிகளுள் நான் மிகவும் போற்றுவது காட்சிக் கூடத்துச் சிற்பத்தையன்று. 1980களிலே அவர் பச்சை மண்ணால் வீடு கட்டி, உள்ளே செங்கற்களையும் மட்பாண்டங்களையும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டார். வெந்து தணிந்ததும் வீடு நின்றது, பாண்டங்களும் கிடைத்தன. குறைந்த செலவில் உறுதியான இல்லம் என்பது நோக்கம். அம்முறை ஊரூராய்ப் பரவவில்லை. ஆயினும் கலை குடிசையை நினைத்தது என்பதே பெருமை.

குறையும் கூறத்தான் வேண்டும். கல்லூரி கற்றவர் வனைந்தால் 'கலைஞர்' என்கிறோம்; அடியிலே கையொப்பம் தேடுகிறோம். சிற்றூர்க் குயவர் வனைந்தால் 'பானைக்காரன்' என்று பேரம் பேசுகிறோம். ஒரே மண், ஒரே சக்கரம், இரு நீதி! குற்றம் வனைந்தோர் மீதன்று; பார்க்கும் நம் கண்மீது.

1953இல் இராசாசி கொண்டுவந்த திட்டம், பள்ளி நேரத்தைச் சுருக்கி, எஞ்சிய பொழுதிலே அப்பன் தொழிலைப் பிள்ளை பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று நாடு கொதித்தது. 1954இல் காமராசர் ஆட்சியிலே அது கைவிடப்பட்டது. ஏட்டிலே ஒழிந்தது, எண்ணத்திலே ஒழிந்ததா?

தோழர்களே! குயவர் மகள் பூச்சின் வேதியியலைப் பள்ளியிலே கற்கட்டும். விரும்பினால் வனையட்டும், விரும்பாவிடில் மருத்துவராகட்டும். புலவர் மகன் சேற்றிலே கை வைக்கட்டும். கீழடி ஓட்டிலே பெயர் இருந்தது போல், வனைந்தவர் பெயரும் கலத்திலே இருக்கட்டும். மண் எவர் கைக்கும் வளையும். வளையாதது நம் மனமே!